அக்டோபர் நடுவில் 14-3: இந்த அணி டிசம்பர் வரை நிற்குமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் எங்கள் பல்கலைக்கழக அணி அக்டோபர் நடுவில் 14 வெற்றி, 3 தோல்வி. தரவரிசையில் இருபதுகளில் எங்கோ இருக்கிறது. ஒரு அட்டாக்கர் ஆட்டத்துக்கு 18 கில் (நேரடியாகப் புள்ளி தரும் அடி) அடிக்கிறார். செட்டர், அதாவது அட்டாக்கர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், முதலாண்டு மாணவி. ரசிகர்களில் பாதிப்பேர் "இந்த வருஷம் கடைசி நாலுக்குள் போய்விடுவோம்" என்கிறார்கள். மீதிப்பேர் "இரண்டாவது சுற்றைத் தாண்டாது" என்கிறார்கள். எதை வைத்து எடைபோடுவது?

பதில்:

நீங்கள் கொடுத்த நான்கு தகவல்களில் மூன்று, கணிப்புக்குப் பெரிதாக உதவாதவை. வெற்றி தோல்வி, தரவரிசை எண், ஒருவர் அடித்த கில் ஆகிய மூன்றும் நடந்து முடிந்ததைச் சொல்பவை, அதையும் அரைகுறையாகச் சொல்பவை. செட்டர் முதலாண்டு என்பது கொஞ்சம் உதவும், ஆனால் ரசிகர்கள் பயப்படும் காரணத்துக்காக அல்ல. நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: எதிரணி பலமாக சர்வீஸ் போடும்போது உங்கள் அணியின் முதல் பாஸ் (சர்வீஸை வாங்கிச் செட்டருக்கு அனுப்பும் பந்து) எங்கே போய் விழுகிறது? நான் முதலில் பார்ப்பது அதைத்தான், கடைசியில் பார்ப்பதும் அதைத்தான்.

2023 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்டோபரில் பட்டம் யாருக்கு என்று கேட்டிருந்தால் பலரும் நெப்ராஸ்கா என்று சொல்லியிருப்பார்கள். ஆகஸ்ட் 30 அன்று லிங்கன் நகரில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள் கோர்ட் போட்டு 92,003 பேரை வரவழைத்த அணி. நவம்பர் 24 வரை தோல்வியே கிடையாது. அன்று மேடிசனில் விஸ்கான்சினிடம் 3-0 என்று விழுந்தது. டெக்சாஸோ சீசன் தொடங்கிய வேகத்திலேயே தோல்விகளைச் சேர்த்துக்கொண்டது. தேசியப் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடத்தில்தான் வைக்கப்பட்டது, அதனால் ஸ்டான்ஃபோர்டை ஸ்டான்ஃபோர்டிலேயே போய் வெல்ல வேண்டியிருந்தது. வென்றது. டிசம்பர் 17, டாம்பாவில் இறுதி ஆட்டம்: டெக்சாஸ் 25-22, 25-14, 25-11. மூன்று செட்டில் 12 ஏஸ் (எதிரணி எடுக்க முடியாமல் நேரடிப் புள்ளியாகும் சர்வீஸ்). முதல் செட்டில் சரிசமமாக நின்ற அதே நெப்ராஸ்கா, பாஸ் வலையை விட்டு விலக விலக மூன்றாவது செட்டில் 11 புள்ளியில் நின்றுவிட்டது. அட்டாக்கர்கள் மாறவில்லை, வலையருகே குதித்து அடியைத் தடுக்கும் பிளாக்கர்களின் உயரம் குறையவில்லை. பந்து செட்டர் கைக்கு வந்தால்தானே அவர்களுக்கு வேலை?

இன்னொரு விஷயமும் அந்தச் சீசனில் தெரிந்தது. நெப்ராஸ்காவின் செட்டர் பெர்கன் ரைலியும் முதலாண்டு, டெக்சாஸின் எல்லா ஸ்விண்டிலும் முதலாண்டு. அடுத்த ஆண்டு, 2024-இல், பட்டம் வென்ற பென் ஸ்டேட்டின் செட்டர் இஸி ஸ்டார்க்கும் முதலாண்டுதான். ஆகவே "செட்டர் சின்னப்பெண், பெரிய ஆட்டத்தில் கை நடுங்கிவிடும்" என்ற வாதத்தைத் தள்ளிவைக்கலாம். முதலாண்டு செட்டரிடம் பார்க்க வேண்டியது வேறு: பாஸ் கெட்டுப்போகும்போது எல்லாப் பந்தையும் இடது மூலைக்கே தூக்கிக் கொடுக்கிறாரா? அப்படியானால் எதிரணியின் பிளாக் அங்கே முன்கூட்டியே போய் நின்றுவிடும்.

இனி, கையில் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாஸுக்கு மதிப்பெண் போடுவது சுலபம். செட்டர் நின்ற இடத்திலிருந்தே மூன்று அட்டாக்கர்களில் யாருக்கும் கொடுக்கலாம் என்றால் 3. நடு அட்டாக் போய்விட்டது, ஓரம் இரண்டும் இருக்கிறது என்றால் 2. ஒரே ஒருவருக்கு உயரத் தூக்கிப்போடத்தான் முடியும், அல்லது சும்மா அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்றால் 1. ஏஸ் வாங்கினால் 0. ஒரு ஆட்டத்தின் சராசரி 2.3-க்கு மேல் போனால் நல்ல பாஸிங். 2.0 என்றால் சமாளிக்கலாம். 1.9-க்குக் கீழே போகும் அணி, அட்டாக்கர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், டிசம்பரில் பலமான சர்வீஸ் அணியிடம் மாட்டிக்கொள்ளும்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு, மொத்தச் சராசரியை மட்டும் பார்ப்பது. யார் பாஸ் எடுத்தார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அணிகளில் லிபரோவும் (பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர்) இரண்டு அட்டாக்கர்களும் சேர்ந்து மூன்று பேர் பாஸ் எடுப்பார்கள். லிபரோவுக்கு 2.5 இருக்கலாம், அதில் பயனில்லை. எதிரணிப் பயிற்சியாளர் லிபரோவுக்கு ஏன் சர்வீஸ் போடச் சொல்வார்? மூவரில் பலவீனமானவரைத் தேடித்தான் பந்து போகும். உங்கள் 18 கில் அட்டாக்கர்தான் அந்தப் பலவீனமான ஆள் என்றால் சிக்கல் இரட்டிப்பு. பந்து அவரைத் தேடி வரும், பாஸ் எடுத்த கையோடு அவர் அட்டாக்குக்கும் ஓட வேண்டும்.

சராசரியைச் சுழற்சிவாரியாகவும் பிரியுங்கள் (சர்வீஸ் கைக்குத் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரு இடம் நகர்வார்கள், அதுதான் சுழற்சி). செட்டர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அதுவே அந்தச் சுழற்சியின் எண். பின்வரிசையின் வலது மூலையில், அதாவது சர்வீஸ் போடும் இடத்தில் நின்றால் முதல் சுழற்சி. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டே போனால் ஆறு வரை. 25-23 என்று முடியும் செட்டில் 48 ராலி (ஒரு புள்ளிக்கு ஒன்று), அதில் பாதியில் எதிரணி சர்வீஸ். நான்கு செட் ஆட்டத்தில் ஏறக்குறைய 95 சர்வீஸ் வாங்குவீர்கள், ஒரு சுழற்சிக்கு 15, 16 விழும். ஒரே ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான்கு ஆட்டம் குறித்தால் சுழற்சிக்கு 60 கிடைக்கும், அப்போது படம் தெளியும். ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை எதிரணி சர்வீஸை உடைத்து உடனே புள்ளியைத் திருப்பினீர்கள் என்ற சதவீதமே சைடு-அவுட். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் 60 சாதாரணம், 65 தாண்டினால் மேல்தட்டு. ஐந்து சுழற்சியில் 64 இருந்து ஒன்றில் மட்டும் 48 இருந்தால், அந்த ஒன்றில்தான் எதிரணி நான்கு ஐந்து புள்ளி வரிசையாக அள்ளிக்கொண்டு போகும். "நல்லாத்தான் ஆடினோம், நடுவுல கொஞ்சம் சறுக்கிட்டோம்" என்று ரசிகர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து.

அந்தச் சறுக்கல் பெரும்பாலும் முதல் சுழற்சியில் வரும். காரணம் இதுதான். செட்டர் பின் வலது மூலையில் நிற்கும்போது, முன்வரிசையில் இடது ஓர அட்டாக்கர் வலப்பக்கம் மாட்டிக்கொள்வார். செட்டருக்கு எதிர் நிற்பவர் (நம்ம ஊர் கோர்ட்டில் யுனிவர்சல் என்போமே, அவரைத்தான் அங்கே ஆப்போசிட் என்கிறார்கள்) இடப்பக்கம் இருப்பார். சர்வீஸ் அடிக்கும்வரை இடம் மாறக் கூடாது. வலது கையால் அடிப்பவருக்கு வலது ஓரத்தில் பந்து உடம்பைத் தாண்டி வந்த பிறகுதான் கைக்கு எட்டும். எதிரணி இதைத் தெரிந்துகொண்டு அந்த வலது முன்மூலைக்குக் குறுகிய ஃப்ளோட் சர்வீஸ் போடும். மிதந்து வந்து வலையைத் தாண்டியதும் பொத்தென்று விழும் சர்வீஸ் அது. அதை எடுக்க அட்டாக்கர் முன்னே குனிகிறார், அதே பாதையில்தான் செட்டர் பின்னாலிருந்து ஓடி வர வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாஸ் எடுத்தவருக்குப் பின்வாங்கி ஓடி ஏற இடமில்லை. மிச்சம் நடுவில் உள்ள பிளாக்கரும் இடதில் உள்ள யுனிவர்சலும். எதிரணி பிளாக்குக்கு இரண்டே இரண்டு பேரைப் பார்த்தால் போதும்.

நல்ல பயிற்சியாளர் முன்வரிசை மூவரையும் ஒரு பக்கமாக நெருக்கி நிறுத்தி, சர்வீஸ் அடித்த நொடியில் இடம் மாறச் சொல்வார். உங்கள் அணி அப்படி நிற்கிறதா என்று பாருங்கள். அக்டோபரிலும் புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே நிற்கிறார்கள், அந்தச் சுழற்சியில் சதவீதமும் கீழே கிடக்கிறது என்றால் அதைப் பலவீனம் என்று குறிக்கலாம். சதவீதம் குறைவு, ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் நிற்கும் விதம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் பயிற்சியாளர் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார், நவம்பரில் சரியாகலாம்.

பாஸின் மறுபக்கம் சர்வீஸ். இங்கே ஏஸ் எண்ணிக்கை ஏமாற்றும். சுமாரான அணிகளுக்கு எதிராக ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஏஸ் கொட்டும். பார்க்க வேண்டியது, நீங்கள் போடும் சர்வீஸில் எத்தனை எதிரணிப் பாஸை 1-க்குத் தள்ளுகிறது என்பது. தவறு சர்வீஸையும் திட்டாதீர்கள். நூறுக்கு எட்டு, பத்து வெளியே போனால் அது சகஜம். நூறுக்கு நாலுதான் போகிறது, ஏஸும் இல்லை என்றால் அந்த அணி பயந்து பயந்து உள்ளே தட்டிவிடுகிறது. பெரிய அணிகள் அந்த சர்வீஸைக் கையில் வாங்கி 3 மதிப்பெண் பாஸ் ஆக்கி நடுவில் அடித்துவிடும்.

அடுத்து, ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரத் தாள். இதை எப்படிப் படிப்பது என்று தெரியாமல்தான் பாதி சண்டை நடக்கிறது. கில் என்றால் நேரடியாகப் புள்ளி கொண்டுவந்த அடி. அதிலிருந்து தவறுகளைக் கழித்து, மொத்த முயற்சியால் வகுத்தால் ஹிட்டிங் சதவீதம். உங்கள் நட்சத்திரம் 18 கில், 9 தவறு, 52 முயற்சி என்று வைத்துக்கொள்வோம்: 9-ஐ 52-ஆல் வகுத்தால் 0.173. பக்கத்தில் இன்னொருவர் 11 கில், 3 தவறு, 26 முயற்சி: 0.308. தலைப்பில் வருவது முன்னவர் பெயர், அணிக்கு அதிகம் உதவியது பின்னவர். அணி மொத்தம் 0.250-க்கு மேல் அடித்தால் நல்லது, 0.300 என்றால் மிக நல்லது. எதிரணியை 0.180-க்குக் கீழே வைத்தால் பிளாக்கும் டிஃபென்ஸும் வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த எண்களை முழுச் சீசனுக்குப் பார்க்காமல் கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் லீக்) ஆட்டங்களுக்கு மட்டும் பாருங்கள். முதல் மாதத்தில் சும்மா தட்டிச் சென்ற அணிகள் சராசரியை ஊத வைத்திருக்கும்.

தாளில் இரண்டு இடம் கவனிக்கத் தவறுவார்கள். ஒன்று, பிளாக். இருவர் சேர்ந்து தடுத்தால் இருவருக்கும் தலா ஒன்று எழுதுவார்கள். அதனால் அணியின் மொத்தம் எடுக்கும்போது தனிப் பிளாக்கோடு கூட்டுப் பிளாக்கில் பாதியைத்தான் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டாமல் "ஒரே ஆட்டத்தில் 24 பிளாக்!" என்று சந்தோஷப்படுபவர்களை அடிக்கடி பார்க்கலாம். இன்னொன்று, பந்தைக் கையாண்ட தவறு என்ற கட்டம். 2024-இலிருந்து என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) பெண்கள் ஆட்டத்தில், பந்து தன் பக்கத்திலேயே இருக்கும்வரை, இரண்டாவது தொடுதலில் இரட்டைத் தொடுதலுக்கு விசில் கிடையாது. அதனால் செட்டரின் கை சுத்தமாக இருக்கிறதா என்பதை அந்தக் கட்டத்தின் எண்ணைப் பழைய சீசன்களோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. (பந்து சுழன்று சுழன்று போவதைப் பார்த்து எரிச்சல்படும் பழைய ஆட்களுக்கு இன்னும் இது ஜீரணமாகவில்லை.)

நட்சத்திர அட்டாக்கருக்கு வருகிறேன். முயற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் அணி மொத்தம் 130 முயற்சி என்றால் 52 என்பது 40 சதவீதம். அது அதிகம். எனக்கு 35 தாண்டினாலே உறுத்தும். அணி பாஸ் நன்றாக எடுத்தால் நடு பிளாக்கர்கள் இருவருக்கும் சேர்த்துக் கால்வாசிப் பந்தாவது போகும். பெரிய ஆட்டங்களில் மட்டும் அவர்கள் பங்கு 15-க்குச் சரிந்து நட்சத்திரத்தின் பங்கு ஏறுகிறது என்றால், அதை "அவர் தோளில் சுமக்கிறார்" என்று படிக்காதீர்கள், பாஸ் உடைகிறது என்று படியுங்கள்.

இப்படி ஒருவரையே நம்பும் அணிக்கு நாட்காட்டியே எதிரி. முதல் இரண்டு சுற்றும் அடுத்தடுத்த நாளில். முந்தின நாள் 55 தடவை குதித்து அடித்தவர் மறுநாளும் குதிக்க வேண்டும். காயம் வந்தால் மாற்று வழியும் இருக்காது. 2024-இல் லூயிவில் அரையிறுதியில் பிட்ஸ்பர்கை வென்றபோது அந்த அணியின் நட்சத்திர அட்டாக்கர் ஆனா டிபியரின் கணுக்கால் போனது. இறுதி ஆட்டம் லூயிவிலின் சொந்த ஊரிலேயே. அவர் இல்லாமல் இறங்கிய அணி இரண்டாவது செட்டை 34-32 என்று பிடுங்கியது, ஆனாலும் பென் ஸ்டேட் 3-1 என்று முடித்துவிட்டது. பென் ஸ்டேட்டின் கேட்டி ஷூமாக்கர்-காலி அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். உங்கள் அணியில் அந்த ஒருவரை எடுத்துவிட்டால் இரண்டாவது ஆள் யார், அவர் இதுவரை எத்தனை செட் ஆடியிருக்கிறார்? பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

மாற்று ஆட்டக்காரர் கணக்கு கொஞ்சம் நுணுக்கம், ஆனால் முக்கியம். என்.சி.ஏ.ஏ. பெண்கள் ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு 15 மாற்றம் அனுமதி (சர்வதேச விதியில் ஆறுதான்). சில அணிகள் இரண்டு செட்டர்களை வைத்துக்கொண்டு, செட்டர் முன்வரிசைக்கு வந்ததும் அவரை எடுத்து அட்டாக்கரைப் போடுவார்கள், பின்வரிசைக்குப் போகும் யுனிவர்சலை எடுத்து இன்னொரு செட்டரைப் போடுவார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு மாற்றம். 25-23 செட்டில் ஒரு அணி சுமார் இரண்டரைச் சுற்று சுற்றும், பத்து மாற்றம் அங்கேயே போய்விடும். இதோடு ஒரு அட்டாக்கருக்குப் பதிலாகப் பின்வரிசையில் பாஸ் எடுக்க ஒருவரை அனுப்பினால் சுற்றுக்கு இரண்டு, மொத்தம் ஐந்து. பதினைந்தும் காலி. செட் 26, 27 என்று நீளும்போது குள்ளமான செட்டர் முன்வரிசையில் பிளாக் போட முடியாமல் நிற்பார். உங்கள் அணி நெருக்கமான செட்டுகளைக் கடைசி நான்கைந்து புள்ளியில் கோட்டைவிடுகிறது என்றால், மனதைரியத்தைப் பற்றிப் பேசும் முன் அந்த நேரத்தில் கையில் எத்தனை மாற்றம் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

14-3-ஐ எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், முதலில் ஐந்து செட் ஆட்டங்களைத் தனியே எடுத்து வையுங்கள். கடைசி செட் 15 புள்ளிதான். நூறு ராலியில் 52 வெல்லும் அணிக்கும் அங்கே வெற்றி வாய்ப்பு 58 சதவீதம் அளவே. ஐந்து செட் ஆட்டம் நான்கில் நான்கும் வென்று 14-3 என்றால் அதில் இரண்டு ஆட்டம் காசு சுண்டிப் போட்டுக் கிடைத்தது என்று கொள்ளலாம். ஆகவே வென்ற புள்ளிகளின் பங்கே நல்ல அளவுகோல். தோராயக் கணக்கு இது: நூறு ராலியில் 52 வென்றால் 25 புள்ளி செட்டை வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம் போல, முழு ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 70 போல. 54 வென்றால் செட்டுக்கு 70 சொச்சம், ஆட்டத்துக்கு 85. இரண்டே புள்ளி வித்தியாசம் இவ்வளவு இடைவெளி தருகிறது. கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின் எல்லா செட் ஸ்கோரையும் கூட்டிப் பங்கைக் கண்டுபிடியுங்கள், பத்து நிமிட வேலை. 51-இல் நின்றுகொண்டு 14-3 என்றால் இனி சரிய வாய்ப்பு அதிகம். 54 இருந்தும் 11-6 என்றால் அந்த அணியைப் பற்றி எதிரணிகள்தான் கவலைப்பட வேண்டும்.

தரவரிசை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வாராவாரம் வரும் பயிற்சியாளர்கள் சங்கத்தின் வாக்கெடுப்பை வைத்து 64 அணிப் போட்டிக்கு யாரையும் எடுப்பதில்லை. தேர்வுக்குழு பார்ப்பவற்றில் கனமானது ஆர்.பி.ஐ. என்ற மதிப்பீட்டு எண். அதில் உங்கள் வெற்றி விகிதம் கால் பங்கு, எதிரணிகளின் வெற்றி விகிதம் அரைப் பங்கு, அவர்களுடைய எதிரணிகளின் விகிதம் மீதிக் கால். போட்டுப் பாருங்கள்: 14-3 அணியின் எதிரணிகள் 0.550, அவர்களின் எதிரணிகள் 0.530 என்றால் 0.613 வருகிறது. 11-5 அணியின் எதிரணிகள் 0.650, அவர்களின் எதிரணிகள் 0.560 என்றால் 0.637. தோல்வி அதிகமுள்ள அணி மேலே. நீங்கள் செப்டம்பரில் தோற்கடித்த அணிகள் தங்கள் கான்ஃபரன்ஸில் இப்போது எப்படி ஆடுகின்றன என்பதும் அந்த அரைப் பங்கில் சேரும். அவர்கள் ஆட்டத்தையும் பார்த்துக் கைதட்டுங்கள்.

இந்த எண் முக்கியமாவதற்குக் காரணம் சொந்த ஊர். முதல் 16 இடத்தில் இருக்கும் அணிகள்தான் முதல் இரண்டு சுற்றைத் தங்கள் மைதானத்தில் நடத்தும். 32 அணிகளுக்கு வரிசை எண் உண்டு, ஆனால் 17-ஆவது அணியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறொருவர் ஊருக்குத்தான் போக வேண்டும். இருபதுகளில் இருக்கும் உங்கள் அணிக்கு இதுவே இந்தச் சீசனின் பெரிய கேள்வி. கடைசி நாலு என்ற பேச்சை நவம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டு, 16-க்குள் ஏற முடியுமா என்று கேளுங்கள்.

பயணமும் இப்போது முன்பு மாதிரி இல்லை. 2024-இலிருந்து பிக் டென் கான்ஃபரன்ஸில் மேற்குக் கரையின் யூ.எஸ்.சி., யூ.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன் அணிகள் சேர்ந்துவிட்டன, ஏ.சி.சி. கான்ஃபரன்ஸில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும். மூன்று மணிநேர வித்தியாசம் தாண்டிப் போய் ஒரே வாரக் கடைசியில் இரண்டு ஆட்டம் ஆடும்போது முதலில் கால் கனக்கும், கால் கனத்தால் பாஸ் குறையும். அப்படி ஒரு பயணத்தின் இரண்டாவது ஆட்டத்தை மட்டும் வைத்து அணி சரிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று வாரம் கழித்தும் மதிப்பெண் ஏறவில்லை என்றால் அப்போது கவலைப்படலாம்.

உங்கள் அணிக்கு என் கணிப்பை எண்ணில் சொல்லச் சொன்னால் இப்படிப் பிரிப்பேன். கான்ஃபரன்ஸில் பாஸ் சராசரி 2.2, எந்தச் சுழற்சியிலும் சைடு-அவுட் 55-க்குக் கீழே இல்லை, நட்சத்திரத்தின் பங்கு 35-க்குள், புள்ளிப் பங்கு 53 என்று இருந்தால் முதல் 16 இடம் நியாயமான ஆசை. அதற்கு அடுத்த வாரம், பிரிவு அரையிறுதி, இறுதி என்பதெல்லாம் எதிரே யார் வருகிறார் என்பதைப் பொறுத்தது. பாஸ் 2.0, ஒரு சுழற்சி 48-இல் கிடக்கிறது, நட்சத்திரத்தின் பங்கு 40 என்றால் "இரண்டாவது சுற்றைத் தாண்டாது" என்பவர்கள் பக்கம் நான் நிற்பேன், 14-3 ஆகவே இருந்தாலும்.

அடுத்த நான்கு வாரத்தில் உங்கள் கான்ஃபரன்ஸின் பலமான சர்வீஸ் அணியோடு ஒரு வெளியூர் ஆட்டம் கட்டாயம் இருக்கும். அந்த ஒரு ஆட்டத்துக்காவது தாளை எடுத்து வையுங்கள். பார்க்கக் கிடைத்தால் பக்கவாட்டில் உட்காராமல் கோர்ட்டின் கடைக்கோட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். பந்து எந்த இரண்டு பேருக்கு நடுவே வருகிறது, யார் "என்னது" என்று கத்தாமல் நிற்கிறார் என்பது அங்கிருந்துதான் தெரியும். முதல் செட்டைவிட இரண்டாவது செட்டின் முதல் பத்து சர்வீஸை உன்னிப்பாகக் குறியுங்கள். இடைவெளியில் எதிரணிப் பயிற்சியாளர் யாரைக் குறிவைக்கச் சொன்னார் என்பது அதில் எழுதியிருக்கும். உங்கள் பயிற்சியாளர் என்ன பதில் வைத்தார் என்பது அடுத்த பத்தில்.